பெயர் எழுதாத ஒரு சாக்கு

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கடைக்கு விற்க வருகிறவர்களைக் காட்டிலும் வாங்க வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். மதுரை செல்லூரில் நானும் என் வீட்டுக்காரரும் பழைய பேப்பர், பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறோம். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். கடையில் தராசும் கல்லாவும் என் பொறுப்பு. மற்ற மாதங்களில் எங்களிடம் சில்லறையாக வாங்குகிறவர்கள் பொட்டலம் மடிக்கப் பேப்பர் கேட்கும் பூக்காரம்மாக்கள்தான். குழந்தைகள் தினம், அறிவியல் கண்காட்சி, கைவினைப் போட்டி என்று பள்ளிக்கூடங்களில் வரிசையாக வரும் இந்தக் காலத்தில் மட்டும் அம்மாக்கள் வருவார்கள். பெரும்பாலும் இருட்டின பிறகு, கடை கட்டுகிற நேரத்தில்.

கையில் போன் இருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மிஸ் அனுப்பிய பட்டியலைக் காட்டுவார்கள். காலி ஷூ டப்பா ஒன்று, காலிக் கண்ணாடி பாட்டில் ஒன்று, டிஷ்யூ பேப்பர் ரோலின் அட்டைக் குழல் இரண்டு, பழைய கல்யாணப் பத்திரிகை நான்கு, பழைய சிடி. வேண்டாத பொருளில் இருந்து வேண்டிய பொருள் செய்வது பாடம். எல்லாம் வீட்டில் வீணாகக் கிடப்பதுதான், காசு செலவில்லை என்று கீழே ஒரு வரியும் இருக்கும். மறுநாள் காலையில் பிள்ளை கையில் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டில் வீணாகக் கிடப்பதை எதற்காகக் கடையில் வந்து வாங்க வேண்டும்? பட்டியல் போட்ட மிஸ் யாரும் இதை யோசித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், எங்கள் தெருவில் அந்தக் குப்பையே கிடையாது. செல்லூர் தறிக்காரர்கள் ஊர். இங்கே எந்த வீட்டிலும் டிஷ்யூ ரோல் கிடையாது. அந்தக் குழல் எப்படி இருக்கும் என்றே பல அம்மாக்களுக்குத் தெரியாது. போனில் படம் பார்த்துத்தான் கேட்கிறார்கள். தறிக்கு நூல் சுற்றி வருகிற அட்டைக் கோன் எங்களிடம் சாக்குச் சாக்காக இருக்கும். அதை எடுத்துக் கொடுப்பேன். ராக்கெட் செய்யவும் கிளி செய்யவும் அதுவே கெட்டியாக நிற்கும். ஆனால் வாங்கிப் போகிறவர்கள் முகத்தில் தயக்கம் தெரியும். "மிஸ் இதை ஒத்துக்குவாங்களாக்கா?" என்று கேட்பார்கள். தறிக்கார வீட்டுப் பிள்ளை தறிக்கோனைக் கொண்டுபோக இத்தனை யோசனை.

ஷூ டப்பாவும் அப்படித்தான். பிளாட்பாரத்தில் செருப்பு வாங்குகிறவருக்குக் கேரி பேக்கில் போட்டுத் தருவார்கள். டப்பாவுக்கு அவர் எங்கே போவார்? லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் போன வருஷம் வந்தார். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு என்று இருக்கிறதே, அதில் சேர்ந்த மகள். நான் எடுத்துக் கொடுத்தது நம் ஊர்ச் செருப்புக் கம்பெனியின் டப்பா. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு தெரிஞ்ச கம்பெனியா ஒண்ணு இருந்தா குடுங்கக்கா. பாப்பாகூடப் படிக்கிற பிள்ளைக எல்லாம் அப்படித்தான் கொண்டாருவாங்க."

தேடி எடுத்துக் கொடுத்தேன். மூடியில் ஒரு மூலை நசுங்கி இருந்தது. அங்கேயே நின்று நகத்தால் நீவி நேராக்கிவிட்டுத்தான் கொண்டுபோனார். அந்த டப்பாவை மிஸ் எப்படியும் கலர் பேப்பர் சுற்றி ஒட்டச் சொல்லப் போகிறார். உள்ளே எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தால் என்ன? ஆனால் பையில் இருந்து அதை மகள் வெளியே எடுக்கிற அந்த ஒரு நிமிஷம் அவருக்குப் பெரிதாக இருந்தது. அவர் நினைத்தது தப்பு என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்த வகுப்பில் அந்தப் பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

இல்லாததைத் தேடி வருகிறவர்கள் கதை இது. அவர்களாவது வாய்விட்டுக் கேட்பார்கள். வீட்டில் இருந்தும் அனுப்ப முடியாமல் வருகிறவர்கள் பாடுதான் பெரிய பாடு.

கண்ணாடி பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் பெயின்ட் அடித்து, சணல் கயிறு சுற்றி, பூச்சாடி செய்வது இப்போது எல்லாப் பள்ளியிலும் உண்டு. கண்ணாடி பாட்டில் வாங்குகிற பழக்கம் நம் வீடுகளில் குறைந்து வெகு காலம் ஆகிறது. எண்ணெய் பாக்கெட்டில் வருகிறது, ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது, கூல்டிரிங்க்ஸ் பிளாஸ்டிக் பாட்டிலில் வருகிறது. இப்படி இருக்கையில், காலிக் கண்ணாடி பாட்டில் ஒன்று என்று பட்டியலில் போட்டால் தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான வீடுகளில் கட்டிலுக்கு அடியில் இருந்து வரக்கூடிய பாட்டில் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துத் தெருவில் அப்பளக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண். இரண்டாம் வகுப்பில் மகன். முந்தானைக்குள் மறைத்து ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளை உரித்திருக்கிறார். மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தடவி ஸ்டீல் நாரால் தேய்த்திருக்கிறார். மூடியைத் திறந்த பிறகும் பாட்டில் கழுத்தில் ஒட்டி நிற்குமே தகர வளையம், அதையும் கத்தியால் நெம்பி எடுத்திருக்கிறார். எல்லாம் செய்து முடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், கம்பெனிப் பெயர் கண்ணாடியிலேயே அச்சாகி நிற்கிறது. அதை எதைப் போட்டுத் தேய்க்க?

"இதை வச்சுக்கிட்டு வேற ஒண்ணு குடுங்கக்கா."

பாட்டில் சாக்கை இழுத்துப் போட்டேன். தேன் பாட்டில் ஒன்று, ரோஸ்மில்க் எசன்ஸ் பாட்டில் ஒன்று, தக்காளி சாஸ் பாட்டில் ஒன்று. மூன்றையும் எடுத்து ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். மற்ற பாட்டில்களோடு ஒரே சாக்கில் கிடந்ததால் வாடை ஏறியிருக்குமோ என்ற பயம். "மிஸ் மோந்தெல்லாம் பாக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். சாஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். அவர்கள் வீட்டில் சாஸ் யாரும் தொட மாட்டார்கள்.

இந்தப் பெண் என்ன தப்பு செய்தார்? குடித்தவர் வேறு ஒருவர். விற்றது அரசாங்கக் கடை. 2003-ல் இருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது. காலி பாட்டில்கள் காட்டிலும் தோட்டத்திலும் உடைந்து கிடக்கிறதென்று உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2022-ல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தருகிற திட்டம் தொடங்கினார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. அரசே விற்று, அரசே எண்ணித் திரும்ப எடுக்கிற பாட்டில். அதைப் பிள்ளை பையில் வைத்து அனுப்ப மட்டும் ஒரு அம்மா கூனிக் குறுக வேண்டியிருக்கிறது.

பாட்டிலோடு நிற்பதில்லை. மாத்திரை டப்பாக்களை ஒட்டிக் கட்டடம் செய்வது ஒரு பாடம். அதற்கு வீட்டு மருந்து டப்பாக்களையே அனுப்பலாம். என்ன வியாதி என்று டப்பாவைப் பார்த்தால் தெரிந்துவிடும் வீடுகள் இருக்கின்றன. காச நோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுகிற அப்பா, மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற அம்மா. இவர்கள் மருந்து டப்பாவை எங்களுக்குப் போடும்போதே பெயரைக் கிழித்துவிட்டுத்தான் போடுகிறார்கள். பள்ளிக்கு எப்படி அனுப்புவார்கள்?

கல்யாணப் பத்திரிகை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வாழ்த்து அட்டை செய்ய, உறை செய்ய, பழைய பத்திரிகை நல்ல பொருள். வழவழப்பான கெட்டி அட்டை, தங்கக் கலர் ஓரம், பிள்ளையார் படம் எல்லாம் வெட்டி ஒட்ட வாகாக இருக்கும். ஆனால் எங்கள் தென்மாவட்டங்களில் கல்யாணப் பத்திரிகை எப்படி அச்சாகிறது என்று பட்டியல் போடுகிறவர்களுக்குத் தெரியாதா? மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், தாய்மாமன், பெரியப்பா எல்லார் பெயருக்குப் பின்னாலும் சாதிப் பட்டம் இருக்கும். சில பத்திரிகையில் மேல் மூலையில் சமூகத் தலைவர் படமே இருக்கும். நான்கு பத்திரிகை கொண்டு வா என்றால், உன் சொந்தக்காரர்கள் யார், நீ யார் என்று வகுப்பில் வந்து விரித்துக் காட்டு என்றுதான் அர்த்தமாகிறது. சொன்னவர் அதை நினைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும்.

ஆறாம் வகுப்புப் பெண்ணின் அம்மா ஒருவர் என்னிடம் வந்து, "எந்தப் பேரும் இல்லாத பத்திரிகையாப் பாருங்கக்கா" என்றார். கட்டைப் பிரித்து இரண்டு பேருமாகத் தேடினோம். கிடைக்கவில்லை. கடைசியில் பத்திரிகைகளை விட்டுவிட்டு, அவை வைத்து வந்த உறைகளை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். காலண்டர் தாளில் நோட்டுக்கு அட்டை போடுகிற வீடுகளிலும் இதே கதைதான். சங்கத்துக் காலண்டரா, கட்சிக் காலண்டரா, சர்ச் காலண்டரா, பள்ளிவாசல் காலண்டரா என்று பார்த்து, படம் உள்பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போட்டு அனுப்புகிற அம்மாக்கள் எத்தனையோ பேர்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், பிள்ளைகள் கையில் கட்டுகிற கலர் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு இவற்றைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். அதைப் பற்றி வாதங்கள் நடந்தன, இன்னும் நடக்கின்றன. கையில் கட்டுகிற கயிறு பற்றி இவ்வளவு யோசிக்கிற நாம், பாடம் என்ற பெயரில் பள்ளியே கேட்டு வாங்குகிற பத்திரிகையைப் பற்றி யோசிக்க வேண்டாமா?

இனி நான் தராசில் கண்டதைச் சொல்கிறேன். கே.கே.நகர்ப் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் இருந்தும் எங்களுக்குச் சரக்கு வருகிறது. எங்கள் தெருச் சாக்கையும் அவர்கள் சாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பிரித்தால், டிஷ்யூ குழல், ஷூ டப்பா போலச் சிலதைத் தவிர, பெரிய வித்தியாசம் எதுவும் இருக்காது. அங்கேயும் பாட்டில் உண்டு, விலைதான் கூட. அங்கேயும் மாத்திரை டப்பா உண்டு. அங்கேயும் பட்டம் போட்ட கல்யாணப் பத்திரிகை உண்டு. ஒரே ஒரு வித்தியாசம்தான். அந்த வீட்டுக் குப்பை எங்களிடம் வந்து சேரும்போது அதில் பெயர் இருக்காது. வேலைக்கார அம்மா எடுத்து வாட்ச்மேனிடம் கொடுப்பார், வாட்ச்மேன் எல்லா வீட்டுக் குப்பையையும் ஒன்றாகக் கட்டிக் கறுப்புக் கவரில் கொண்டுவந்து எடை போடுவார். எது எந்த வீட்டுப் பாட்டில் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எங்கள் தெருக்காரர்கள் தங்கள் குப்பையைத் தாங்களே கையில் தூக்கிக்கொண்டு நாலு பேர் பார்க்க நடந்து வருகிறார்கள். பள்ளிக்கும் அப்படியே பிள்ளை கையில், பெயர் எழுதிய கவரில் போகிறது.

பார்க்கிற கண்ணும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. வசதியான வீட்டில் இருந்து அழகான வடிவத்தில் வெளிநாட்டுப் பாட்டில் வந்தால், "எவ்வளவு அழகான பாட்டில்!" என்பார்கள். குவார்ட்டர் பாட்டில் வந்தால் அது குடிகாரன் வீடு. வசதியான வீட்டுப் பிள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்தால் மறுசுழற்சி. எங்கள் வீட்டுப் பிள்ளை கொண்டுவந்தால் டிபன் பாக்ஸ் வாங்க வக்கில்லை. இது நானாகச் சொல்வதில்லை. கடைக்கு வருகிற அம்மாக்கள் பள்ளி வாசலில் காதால் கேட்டுவிட்டு வந்து சொல்வது.

ஆசிரியர்கள் தரப்பையும் கேட்டிருக்கிறேன். எங்களிடம் வருகிற ஆசிரியைகளிடம் இதைப் பேசும்போது, "நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் வீட்டு டப்பா என்று பார்க்க எங்களுக்கு ஏது நேரம்? இவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள்" என்பார்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் விஷயத்தில் அது உண்மை என்றே நம்புகிறேன். ஆனால் நாற்பது தடவை பார்க்காமல் விட்டு ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். ஒரு மிஸ், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான், "உங்க அப்பா குடிப்பாரா?" என்று கேட்டிருக்கிறார். ஏழு வயசுப் பையன் எல்லார் முன்னாலும் நின்று அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதைச் சொல்ல, அப்பா அதற்காக அம்மாவை அடித்தார். பாட்டிலை எதற்கு அனுப்பினாய் என்று. அந்தப் பள்ளியின் பெயரோ மிஸ் பெயரோ இங்கே தேவையில்லை. எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியதுதான்.

பிள்ளையின் வீட்டு நிலைமை ஆசிரியருக்குத் தெரிந்தால்தானே உதவ முடியும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நியாயமான பேச்சு. தெரிந்துகொள்ளட்டும். வீட்டுக்கு வரட்டும், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசட்டும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருகிற பெற்றோரிடம் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசட்டும். எங்கள் பகுதி மாநகராட்சிப் பள்ளி ஆசிரியைகள் சிலர் தெருவுக்குள் வந்து, வராத பிள்ளையை வீட்டுக்கே தேடி அழைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று விரல் நுனியில் இருக்கும். அப்படித் தெரிந்துகொள்கிற ஆசிரியரை எங்கள் அம்மாக்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். பிள்ளை பையில் இருந்து வெளியே விழுகிற டப்பாவை வைத்து வீட்டைக் கணிப்பது அந்த வகையில் சேராது.

பள்ளிக்கு வீட்டுப் பொருள் போவது புதிதும் இல்லை. எடைக்கு வருகிற புத்தகங்களில் நல்லதாகப் பட்டதைத் தனியாக எடுத்து வைத்துப் படிப்பது என் பழக்கம். அப்படிக் கிடைத்ததுதான் நெ.து. சுந்தரவடிவேலு எழுதிய 'நினைவு அலைகள்'. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர். 1950-களின் பிற்பகுதியில் அவர்கள் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார்கள். ஊர்க்காரர்கள் தங்களால் முடிந்ததைப் பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இடம் கொடுத்தவர் உண்டு, கட்டடம் கட்டிக் கொடுத்தவர் உண்டு, பெஞ்சும் கடிகாரமும் தண்ணீர்ப் பானையும் கொடுத்தவர்களும் உண்டு. பெரியவர்கள் கொடுத்தார்கள், பள்ளி வாங்கிப் பொதுவில் வைத்தது. பெஞ்சில் உட்காருகிற பிள்ளைக்கு அது யார் வீட்டு மரம் என்று தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சீருடையும் மதிய உணவும் வளர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்.

எங்கள் மதுரையில்தான் 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒரே உப்புமாவை, ஒரே கிச்சடியைச் சாப்பிடும்போது, உன் வீட்டில் இன்று அடுப்பு எரிந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. பசி தீர்வது ஒரு பக்கம். வீட்டு நிலைமையை வகுப்பறை வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கிறதே, அதுவும் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சாப்பாட்டில் நாம் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். அட்டைக்கும் பாட்டிலுக்கும் வரக் கூடாதா?

குப்பையை வைத்துப் பாடம் நடத்தவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குப்பையில் சோறு தின்கிற நான் அதைச் சொல்லவும் மாட்டேன். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் இருக்கிற ஓர் ஆசிரியர் அவ்வப்போது எங்கள் கடைக்கு வந்து சாக்கைக் கிளறுவார். அவர்தான் அரவிந்த் குப்தாவைப் பற்றிச் சொன்னார். கான்பூர் ஐஐடியில் படித்த இன்ஜினீயர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப் துண்டையும் வைத்து முக்கோணம், சதுரம், கனசதுரம் எல்லாம் செய்து கணக்குப் பாடம் நடத்தியவர். பத்மஸ்ரீ விருது பெற்றவர். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் சேர்ந்துதான் அவர் இதை ஆரம்பித்தாராம். அந்தத் திட்டத்தில் சோதனைக்கு வேண்டிய சாமான்கள் பள்ளிக்கே பெட்டியாக வந்தன. மிச்சத்தை ஊருக்குள் கிடைப்பதில் இருந்து சேர்த்துக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளை கையிலும் அதே தீக்குச்சி, அதே டியூப். குப்பையில் இருந்து பாடம் என்றால் அதுதான் அழகு.

இதை நடத்திக் காட்டுகிற ஓர் ஆசிரியை எங்கள் பகுதியிலேயே இருக்கிறார். உதவி பெறும் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறார். ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு எங்கள் கடைக்கு வந்துவிடுவார். நல்ல அட்டையாகப் பார்த்து, நூல் கோன், பாட்டில் மூடி, ஐஸ் குச்சி, ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற பேப்பர் எல்லாம் எடுப்பார். அட்டை கிலோ பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் போகாது. ஒரு வகுப்புக்கு ஒரு வருஷத்துக்கு ஐந்தாறு கிலோ தாராளம். ஒரு பிறந்தநாள் சாக்லேட் செலவுகூட வராது. வகுப்பு மூலையில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு எல்லாவற்றையும் அதில் போட்டு வைப்பார். பிள்ளைகளும் வீட்டில் கிடைப்பதை எப்போது வேண்டுமானாலும் கொண்டுவந்து அந்தச் சாக்கில் போடலாம். யார் போட்டது என்று எழுதுவதில்லை, கேட்பதில்லை, ஒன்றும் போடாத பிள்ளையை ஏன் போடவில்லை என்றும் கேட்பதில்லை. கைவேலை நாளன்று சாக்கைக் கவிழ்த்து எல்லாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"சாக்குல விழுந்துட்டா அது வகுப்போட பொருள்க்கா. எந்தப் பிள்ளை போட்டதுன்னு எனக்கே தெரியக் கூடாது" என்றார் ஒரு தடவை.

அவர் இன்னொன்றும் செய்கிறார். பிள்ளை தனித்தனியாகச் செய்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து ஒரே படம். எங்கள் கடைக்கு வருகிற அம்மாக்கள் பாதிப் பேர் பயப்படுவது மிஸ்ஸுக்கு இல்லை, குழுவில் இருக்கிற மற்ற அம்மாக்களுக்குத்தான். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, பின்னால் தெரிகிற லேபிளைப் படித்து, தனியாக ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரிப்பது நடக்கிறது. மதிப்பெண் போடுகிற பள்ளிகளில் இன்னும் மோசம். நல்ல மார்க் வர வேண்டுமென்று ஜூஸ் பாட்டிலைப் புதிதாக வாங்கி, உள்ளே இருப்பதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, காலி பாட்டிலைக் கழுவி அனுப்பியதாக ஒரு அம்மா சொன்னார். குப்பையைக் குறைக்கச் சொல்லித் தருகிற பாடத்துக்காகக் குப்பையை விலைக்கு வாங்கியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நூறு ரூபாய்க்கு மேல் விலை, வீட்டில் சின்னது குடிக்கக் கேட்டும் நேரமாகிவிட்டது என்று கொடுக்காமல் ஊற்றியிருக்கிறார்.

அம்மாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை கொண்டுவந்த டப்பாவைப் பற்றி உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னால், சேர்ந்து சிரிக்காதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள். ஆசிரியர் ஒருவர் வாயை அடக்கினால் மட்டும் இது தீராது. பிள்ளைகள் இந்தப் பார்வையை நம்மிடம் இருந்துதான் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பள்ளி இருக்கிற தெருவிலும் ஒரு பழைய பேப்பர் கடை கட்டாயம் இருக்கும். அடுத்த பட்டியலைக் குழுவில் அனுப்புவதற்கு முன்னால் ஒரு ஆளை அங்கே அனுப்புங்கள். வகுப்புக்கு ஒரு சாக்கு வாங்கி மாட்டுங்கள். கல்யாணப் பத்திரிகையையும் மருந்து டப்பாவையும் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டுமென்றால் கடையில் ஒரே மாதிரி சாஸ் பாட்டிலாகப் பொறுக்கி எடுத்துப் போகலாம். முன்கூட்டிச் சொன்னால் கழுவியே வைத்திருப்போம். பள்ளிக்கூடத்துக்கு என்றால் எங்கள் தொழிலில் யாரும் லாபம் பார்த்து எடை போட மாட்டார்கள்.